அல்பெனி துகே வாங்கிய அடிகள்

அல்பெனி துகே சட்டசபையில் பேசிய பேச்சுகளை யாராவது தொகுத்தால் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். அவன் அடித்த அடிகளைத் தொகுக்க ஆரம்பித்தால், எங்கள் மீனவ ஊரான கோர்போத் துறையில் பாதிப் பேர் வாயைத் திறந்து பல் இருந்த இடத்தைக் காட்டுவார்கள். பெருமையாகத்தான் காட்டுவார்கள். எம்.எல்.ஏ. ஆன பிறகும் இந்த ஊரில் யாரும் அவனை ‘அவர்’ என்றதில்லை. இந்தக் கதையிலும் அவன் ‘அவன்’தான்.

எல்லாம் ஐஸ் ஹாக்கியில் ஆரம்பித்தது. எங்கள் அணிக்கு தெயோதிம் லோசியே கோலி, அதாவது கோல் வாசலைக் காப்பவன். அல்பெனியும் அவனும் ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே நாளில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர்கள். அல்பெனிக்கு மட்டை பிடிக்கவும் தெரியாது, வேகமாகச் சறுக்கவும் வராது. கோலியைத் தொட்டவனை அடிப்பது ஒன்றுதான் அவன் வேலை. ஒருமுறை பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் மட்டையால் தெயோதிமின் தொண்டையில் குத்திவிட்டான். அல்பெனி நிதானமாக அவன் எதிரே போய் நின்றான். இரண்டு கையுறைகளையும் கழற்றிப் பனியில் போட்டான். அவனும் கழற்றட்டும் என்று காத்திருந்தான். அவன் கழற்றிய பிறகுதான் முதல் குத்து விழுந்தது. மூக்கு ஒரு பக்கம், தாடை ஒரு பக்கம். பனியில் சிந்திய ரத்தத்தை மண்வாரியால் சுரண்டித்தான் மிச்ச ஆட்டத்தை ஆடினார்கள்.

கையுறையைக் கழற்றாமல் அடிக்கிறவனையும், கண்ணுக்குத் தெரியாமல் பின்னாலிருந்து அடிக்கிறவனையும் எங்கள் ஊரில் மனுஷனாகச் சேர்ப்பதில்லை. அடி வாங்கிவிட்டு நடுவரிடம் போய் ‘இவன் என்னை அடிச்சிட்டான்’ என்று சிணுங்குகிறவன் அதற்கும் கீழே. திருடனைக்கூட மன்னித்து உட்காரவைத்துச் சோறு போடுவோம், இவர்களுக்குத் தண்ணீர்கூடக் கிடையாது.

அந்தக் காலத்தில் தேர்தல் என்றால் ரம் பாட்டிலும் ரத்தமும்தான். வாக்குப்பெட்டி வைத்திருந்த பள்ளிக்கூடத்து வாசலில் நிற்க அல்பெனியை ஒரு கட்சிக்காரர்கள் அழைத்துப் போனார்கள். மத்தியானம் எதிர்க்கட்சி ஆட்கள் கோடரிக் காம்போடு பெட்டியைத் தூக்க வந்தார்கள். முதலில் வந்தவனை அல்பெனி ஜன்னல் வழியாக வெளியே அனுப்பினான். ஜன்னல் அப்போது மூடியிருந்தது. மற்றவர்கள் கதவு வழியாகவே திரும்பிப் போனார்கள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த நகரத்துக் கட்சிக்காரர், அடுத்த தேர்தலில் நிற்க ஆள் கிடைக்காதபோது நேராக இவன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“எனக்குப் பேச வராதுங்க” என்றான் அல்பெனி.

“பேசுறதை நான் பாத்துக்கறேன்” என்றாள் அவன் அக்கா ஸெலிகா. “நீ பக்கத்துல நில்லு, போதும்.”

அப்படித்தான் நடந்தது. ஸெலிகா வீடு வீடாக அடுப்படி வரைக்கும் போய்ப் பேசினாள். தம்பி கதவை அடைத்துக்கொண்டு நின்றான். கணவன் கடலோடு போய் மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவள் அவள். அவள் வாய்க்குப் பாதிரியாரே பயப்படுவார். “என் தம்பிக்கு மூளை கம்மிதான், ஒத்துக்கறேன். மூளை உள்ளவனை எல்லாம் அனுப்பிப் பாத்தாச்சே, ரோடு வந்துதா?” என்று கேட்டாள். அல்பெனி ஜெயித்தான்.

மாகாணத் தலைநகரான ஃப்ரெடரிக்டனில் அவனுக்குக் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிடைத்தது. ஆங்கிலப் பேச்சைப் பிரெஞ்சில் சொல்லும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒருநாள் எதிர்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து ஏதோ சொல்ல, பாதிச் சபை சிரித்தது. காதில் மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கி, “அக்காடியர் பக்கத்திலிருந்து மீன் நாற்றம் வருகிறதாம்” என்றார். அக்காடியர் என்றால் இந்தக் கரையில் பிரெஞ்சு பேசும் நாங்கள்தான். அல்பெனி எழுந்து, சபையின் நடுவே நடந்துபோய் அவர் முன்னால் நின்று, கோட்டைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டுக் காத்திருந்தான். அந்த மனிதர் எழுந்திருக்கவே இல்லை. மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சபைத் தலைவர் அல்பெனியை வெளியேற்றினார். அன்று எங்கள் ஊர் மதுக்கடையில் யாரும் காசு கொடுத்துக் குடிக்கவில்லை.

அதே போக்கில் அவன் ரோடு கொண்டுவந்தான். ஒரு மந்திரியை டையைப் பிடித்துச் சுவரோடு தூக்கி, ஹாக்கி மைதானத்துக்குக் கூரை வாங்கினான். எல்லாவற்றுக்கும் மேலே, மாகாண அரசின் கடனில் நண்டு ஆலை கொண்டுவந்தான். ஸெலிகாவும் ஊர்ப் பெண்களும் அங்கே விடியலிலிருந்து நண்டு உடைத்தார்கள். இங்கே வருஷத்தில் இத்தனை வாரம் வேலை பார்த்திருந்தால்தான் குளிர்காலம் முழுக்க அரசாங்கப் படி வரும். ஒரு வாரம் குறைந்தாலும் கை விரிப்பு. அதனால் எங்கள் பெண்கள் சந்தித்துக்கொண்டால் ‘சாப்பிட்டியா’ என்று கேட்கமாட்டார்கள், ‘எத்தனை வாரம் ஆச்சு’ என்றுதான் கேட்பார்கள்.

தெயோதிமுக்கு இதற்குள் நண்டு பிடிக்கும் உரிமம் கிடைத்து, பெரிய படகு, பெரிய வீடு, படகுக்காரர் சங்கத் தலைமை என்று ஆகிவிட்டிருந்தது. ஒரு வசந்தத்தில் சங்கத்துக்கும் ஆலைக்கும் விலையில் தகராறு வந்தது. நண்டை லாரியில் ஏற்றி வேறு கரைக்கு அனுப்பப்போகிறோம் என்று படகுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பெண்கள் சேராத வாரங்களை விரல் விட்டு எண்ணினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் மண்டபத்தில் கூட்டம். ஸெலிகா எழுந்தாள்.

“டேய் அல்பெனி, நண்டு போச்சுன்னா எனக்கு வாரம் கிடையாது. வாரம் இல்லேன்னா குளிர்காலத்துல என் பிள்ளைங்க எதைத் திங்கும்? நீ கழட்டிப் போட்ட கோட்டையா? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்.”

அவனுக்குப் பேச வராது என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு மட்டும் வந்து தொலைத்தது.

“நான் அந்த நாற்காலியில இருக்கற வரைக்கும் ஒரு நண்டு இந்தத் துறையை விட்டுப் போகாது. கொண்டுபோற படகு மிதக்காது.”

மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் தொப்பியோடு நின்றிருந்த தெயோதிம் கை தட்டவில்லை. மடையன், அல்பெனி மடையன்! கடல் ஒட்டாவாவில் இருக்கிற மத்திய அரசுடையது. பிடித்த நண்டை யாருக்கு விற்பது என்பது படகுக்காரன் இஷ்டம். மாகாண எம்.எல்.ஏ.வுக்கு அதில் ஒரு நண்டுக்கால்கூடச் சொந்தமில்லை. இது அல்பெனிக்கும் தெரியும். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் மறந்துபோனான். கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்டான், வேறென்ன சொல்வது?

சில நாளில், காலை மூடுபனியில் லாரிகள் வந்து நின்றன. தெயோதிமின் படகிலிருந்து நண்டு ஏறும்போதே ஊர் திரண்டுவிட்டது. முதல் லாரியைப் பக்கவாட்டில் கவிழ்த்தார்கள். நண்டுகள் கரையெங்கும் சிதற, அவற்றை மிதித்துக்கொண்டே ஓட்டுநரை இழுத்துப் போட்டு அடித்தார்கள். அவன் யார் பெற்ற பிள்ளையோ, கூலிக்கு லாரி ஓட்ட வந்தவன். விலா எலும்பு ஒடியும் சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை. இரண்டாவது லாரிக்குத் தீ வைத்தார்கள். போலீஸ்காரர்கள் நான்கு பேர் தூரத்தில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு இரும்புக் கம்பிகளோடு கூட்டம் படகுப் பக்கம் திரும்பியது. படகோட்டிகள் குதித்து ஓடிவிட்டார்கள். தெயோதிம் மட்டும் அறைக்குள் புகுந்து கதவைத் தாழிட்டுக்கொண்டான்.

அல்பெனி வந்து சேர்ந்தபோது கூட்டம் வழிவிட்டு ஆரவாரம் செய்தது.

“வந்துட்டான்யா நம்ம எம்.எல்.ஏ.! அவனே கொளுத்தட்டும்.”

ஸெலிகா கையில் மண்ணெண்ணெய் டின். தம்பியிடம் தீப்பெட்டியை நீட்டினாள். “நீ சொன்னதுதானே. வை.”

“அவன் உள்ள இருக்கான்க்கா.”

“இருந்தா வெளிய வரட்டும். என் பிள்ளைங்களும்தான் வீட்டுக்குள்ள இருக்குதுங்க.”

படகின் ஜன்னல் திரை லேசாக அசைந்ததை அல்பெனி பார்த்தான். கரையிலிருந்து படகுக்குப் போட்டிருந்த பலகையில் ஏறி, படகுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றான். கையுறைகளைக் கழற்றிக் காலடியில் போட்டான். முன்வரிசையில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு நின்றுபோனது. அவர்களில் பாதிப் பேர் அவனோடு ஹாக்கி ஆடியவர்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள்.

“என் கோலி உள்ள இருக்கான்” என்றான். “வர்றவன் வா.”

வந்தார்கள். தனக்கு ஓட்டுப் போட்டவர்களை, கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர்களை, அவன் ஒவ்வொருவராக அடித்தான். முதல் ஆள் தண்ணீரில் விழுந்தான். அடுத்தவனுக்குப் பல் போயிற்று. இன்னொருவன் வீசிய கம்பி அல்பெனியின் தோளில் இறங்கியது. அதே கம்பியைப் பிடுங்கிக் கடலில் எறிந்துவிட்டு அவன் முகத்தில் குத்தினான். அல்பெனிக்கு வாயெல்லாம் ரத்தம், கண்ணெல்லாம் வியர்வை. அந்த நேரத்தில் யாரோ டின்னைத் தூக்கிக்கொண்டு அவன் கைக்குக் கீழே புகுந்து ஓடப் பார்த்தார்கள். யாரென்று பார்க்காமல் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது. டின் அவன் கைக்கு வந்துவிட்டது. குனிந்து பார்த்தான். பலகையில் முழங்கால் போட்டுக் கிடந்தது ஸெலிகா.

“அக்கா...” என்றான்.

உள்ளே இருந்த தெயோதிமுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மண்டபத்தில் கேட்ட வார்த்தை மட்டும்தான் அவன் காதில் இருந்தது. கதவிடுக்கில் பார்த்தபோது தெரிந்தது அல்பெனியின் முதுகும் கையில் மண்ணெண்ணெய் டின்னும்தான். படகை இழுக்கும் இரும்புக் கொக்கிக் கழியை எடுத்துக்கொண்டு பாய்ந்து வந்து, பின்னாலிருந்து முழு பலத்தோடு வீசினான். இரும்பு, தலையைச் சுற்றி வளைத்து இடது கண்ணில் இறங்கியது. அல்பெனி அக்காவின் பக்கத்திலேயே விழுந்தான். கூட்டம் கம்பிகளைக் கீழே போட்டது. படகு மட்டும் எரியாமல் தப்பித்தது.

வழக்கு கோடையில் வந்தது. எம்.எல்.ஏ.வின் கண்ணைப் பறித்தவன் யார் என்று அரசு வழக்கறிஞர் விடாமல் கேட்டார். கூட்டத்தில் பார்த்தவர்கள் எல்லாருக்கும் அன்றைக்கு மூடுபனி திடீரென்று அதிகமாகிவிட்டது. கடைசியில் அல்பெனியையே கூண்டில் ஏற்றினார்கள்.

“வழுக்கி விழுந்தேன், ஐயா.”

“எதில் வழுக்கினீர்கள்?” என்றார் நீதிபதி.

“நண்டுல.”

கோர்ட்டே சிரித்தது. தெயோதிம் தொப்பியைக் கசக்கியபடி தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். வெளியே படிக்கட்டில் அல்பெனியைப் பிடித்து நிறுத்தினான்.

“ஏன்டா பொய் சொன்னே?”

“நடுவர்கிட்ட போய் நான் என்னைக்குடா சொன்னேன்?”

“நான் பின்னாலேருந்து அடிச்சேன்டா.” தெயோதிம் தலையில் அடித்துக்கொண்டான். “உன்னைப் பின்னாலேருந்து.”

“தெரியும். அதை நீயே வெச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு அல்பெனி இறங்கிப் போனான்.

இலையுதிர்காலத் தேர்தலில் அவனைத் துவைத்து எடுத்துவிட்டார்கள். அவன் தெருவிலேயே அவனுக்கு ஓட்டு விழவில்லை. காசுள்ளவன் படகைக் காப்பாற்ற சொந்த அக்காவின் கையை ஒடித்தவன் என்று பெயர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஸெலிகாவே கட்டுப் போட்ட கையை உயர்த்திக் காட்டி, “இந்தக் கையாலதான் எதிராளிக்குக் குத்திட்டு வந்தேன்” என்று வாக்குச்சாவடி வாசலில் சொன்னாள். அந்த வருஷம் நண்டு வேறு கரைக்குப் போனது, அவளுக்கு வாரம் சேரவில்லை. குளிர்காலம் முழுக்க அவள் வீட்டில் உப்பு போட்ட ஹெரிங் மீனும் உருளைக்கிழங்கும்தான். எதிரே தம்பி வந்தால் தெருவைக் கடந்து மறுபக்கம் போனாள். அல்பெனி ராத்திரியில் விறகு கொண்டுபோய் அவள் வாசலில் அடுக்குவான். காலையில் அது தெருவில் கிடக்கும்.

பனி உருகியதும் தெயோதிமின் படகு முதல் பிடிப்போடு நேராக எங்கள் ஆலைக்கு வந்து நின்றது. சங்கத் தலைவனே வந்தபின் மற்றப் படகுகளும் வால் பிடித்து வந்தன. விலை ஒன்றும் கூடவில்லை. புது எம்.எல்.ஏ. ஒரு நண்டைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தித்தாளுக்குப் படம் எடுத்துக்கொண்டார். நண்டு அவரைக் கடிக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கோடையின் முடிவில் ஒருநாள் சாயங்காலம், அல்பெனி முற்றத்தில் இறால் கூண்டுகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். ஆலையிலிருந்து அப்படியே, ஏப்ரனும் ரப்பர் கையுறையுமாக ஸெலிகா வந்து நின்றாள். அவன் இடது பக்கம் நின்றதால் முதலில் அவனுக்குத் தெரியவில்லை. பேசிய பிறகுதான் திரும்பினான்.

“தெயோதிம் வந்தான். உக்காந்து அழுதான்.”

“எதுக்கு?”

“நண்டுல வழுக்கி விழுந்தியாமே. அதுக்காகத்தான் நண்டை இங்க கொண்டுவந்தானாம்.”

அல்பெனி அடுத்த ஆணியை எடுத்தான். ஸெலிகா மெதுவாக அவனைச் சுற்றிக்கொண்டு கண் தெரிகிற பக்கத்துக்கு வந்தாள். வலது கை மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்து போயிருந்தது, மடங்காது. அந்தக் கையால் இடது கையுறையை இழுத்துக் கழற்றினாள். வலது கையுறையைப் பல்லால் கடித்து உருவினாள். இரண்டையும் தரையில் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

அல்பெனி சுத்தியலைக் கீழே வைத்தான். எழுந்து, தொப்பியை எடுத்துவிட்டு நேராக நின்றான்.

இடது கையால் அவள் விட்ட அறை தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அவன் உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

“இது என் கைக்கு.”

“ஒண்ணுதானா?”

“மிச்சத்தைத் தேர்தல்லேயே குடுத்துட்டேன்.” அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். “என் வாரம் இன்னையோட முடிஞ்சுதுடா. முழுசா சேந்துடுச்சு.”

அவன் தலையாட்டினான். ஒற்றைக் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

“கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சிருக்கேன். ரத்தத்தைக் கழுவிட்டு வா, பிள்ளைங்க பயந்துக்கும்” என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். அல்பெனி குனிந்து அவளுடைய கையுறைகளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான்.