பின் டயரில் ஊசித் துளை

அந்த வீட்டின் மூத்த மருமகள் யாரையும் எதிர்த்துப் பேசியவள் இல்லை. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் தலை நிமிராது. ஆனால் கண் எதையும் விடாது. "நம்ம வீட்டு போலீஸ்" என்று கொழுந்தன் கேலி செய்வான். இப்போது அவளையே குற்றவாளியாக்கிவிட்டான்.

அவன் வேலைக்கு ஓட்டிப் போகிற மோட்டார் பைக்கின் பின் டயர் மெல்ல மெல்ல இறங்கியது. மாலையில் அடித்த காற்று காலையில் இருக்காது. பஞ்சர் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் டியூபைத் தண்ணீரில் முக்கி, பொடித் துளை ஒன்றைக் கண்டுபிடித்து ஒட்டுப் போட்டார். "ஊசியால குத்தின மாதிரியே இருக்கு. வீட்ல யார்கூடயாவது சண்டையா?" என்று விளையாட்டாகக் கேட்டும் வைத்தார். வீட்டில் ஊசி பிடிக்கிறவள் ஒருத்திதான்.

அன்று காலையும் டயர் படுத்திருந்தது. கொழுந்தன் மெஷினைத் தூக்கி வாசலில் வைத்தான். சாயங்காலம் பழைய சாமான் வாங்குகிறவர் வருவாராம்.

"என் வேலைக்கு உலை வெச்சுட்டு நீங்க மட்டும் தைச்சு சம்பாதிக்கலாம்னு பார்க்கறீங்களா, அண்ணி?"

கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஒரு மன்னிப்பு கேட்டுட்டுப் போயேன்" என்றார்.

செய்யாததற்கு மன்னிப்பா? கொழுந்தன் வண்டியைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனான். அவளும் பின்னாலேயே போனாள்.

"குத்தின ஆளையே கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் கழற்றிய டியூபைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பழைய ஒட்டுகளெல்லாம் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன.

"சக்கரம் தினமும் ஒரே மாதிரியா வந்து நிக்குது, அண்ணே? நான் குத்தியிருந்தா ஓட்டை சுத்தி எல்லாப் பக்கமும்ல இருக்கணும்?"

"நல்லா ஜோடிக்கறாங்க" என்றான் கொழுந்தன்.

"டயருக்குள்ள பார்த்தீங்களா?"

கடைக்காரர் முகம் மாறியது. "அதெல்லாம் தடவிப் பார்த்தாச்சு. என் தொழிலை எனக்கே சொல்லித் தராதீங்கம்மா."

அவர் தடவியது காய்த்துப்போன விரலால். அவள் இடுப்பில் செருகியிருந்த வெட்டுத்துணியை எடுத்து, ஒட்டுகள் இருந்த இடத்துக்கு நேராக டயரின் உள்பக்கம் மெதுவாக இழுத்தாள். துணியின் நூல் ஒன்று எதிலோ மாட்டியது.

"வெளிய இருந்து அழுத்துங்க."

கடைக்காரர் கட்டைவிரலால் அழுத்தினார். மயிரிழைக் கம்பி ஒன்று உள்ளே தலைநீட்டியது. விரலை எடுத்ததும் பொடி நுனி தவிர ரப்பருக்குள் ஒளிந்துகொண்டது. ஆள் ஏறி வண்டி ஓடும்போது மட்டும் குத்துகிற கம்பி. அவர் குறடால் பிடுங்கினார்.

கொழுந்தன் கம்பியைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. "சரி, தெரிஞ்சு போச்சுல்ல. மெஷினை உள்ள எடுத்து வெச்சுக்கங்க."

வீட்டுக்கு வந்ததும் அவள் மெஷினைத் தாண்டிப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதை வெளிய வெச்சது யாரு?"

"நான்தான். அதுக்கென்ன இப்போ?"

"தூக்குங்க."

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கை கொடுக்க எழுந்தார்.

"நீங்க உட்காருங்க" என்றாள். அவர் உட்கார்ந்தார்.

கொழுந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு இரும்புக் காலோடு மெஷினைத் தூக்கினான். நிலைப்படியில் அவன் விரல் நசுங்கியது. அவள் கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டிருக்கலாம். திறக்கவில்லை.