நாலு பேர் போர்வை

திருவேற்காட்டுக் கல்யாண மண்டபம் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். ஆவடி குவார்ட்டர்ஸில் அக்கா தங்கைகள் நால்வரும் ஒரே போர்வைக்குள் தூங்கினோம். அந்தப் போர்வை அளவுக்கு எங்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்க என் ஃபிளாட்டில் இடமில்லை. மூட்டையோடு இங்கே வந்துவிட்டேன்.

அடுக்கு நகராமலிருக்கப் பெரிய பெரிய தையலாக ஓட்டி முடித்துத் தூக்குகிறேன். ஒரு ஓரத்தில், கீழே விரித்த மண்டபத்து ஜமுக்காளமும் சேர்ந்து வருகிறது. என் ஊசி இப்படித் தப்பியதே இல்லை.

காலையிலிருந்து எங்கள் கதையைக் கேட்டபடி மண்டபம் பெருக்கும் கன்னியம்மா சிரிக்கிறாள். "இன்னா யம்மா, ஜமுக்காளத்தையும் ஊட்டுக்கு எத்துகினு போறியா? பிரிச்சு ஓட்ட நேரமேது, பொண்ணு ஊட்டுக்காரங்க வந்துருவாங்கோ. அந்த ஓரத்தை வெட்டிடு. இப்ப மூணு பேருதானே கீறீங்க."

"அது செத்துப்போன பெரியக்கா படுக்கிற ஓரம்டி. அவ எடம் இருக்கட்டும்."

கன்னியம்மா விளக்குமாற்றை வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து தையலைப் பிரிக்கிறாள்.