ஆள் வேண்டாத மிஷின்

எங்கள் வீட்டில் ஒரு வருடம் முழுக்க எல்லாரும் எரிச்சலாகவே இருந்தோம். அதற்குக் காரணம் ஒரு தின்பண்ட மிஷின். பணத்தைச் செருகி எண்ணை அமுக்கினால், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சுருள் கம்பி சுற்றி ஒரு பாக்கெட்டைக் கீழே தள்ளுமே, அந்த மாதிரி மிஷின். இப்போது போனைக் காட்டினாலே பிஸ்கட் வந்து விழுகிறது. அன்றைக்கு விழுப்புரத்தில் எங்கள் தெருவில் அப்படி ஒன்றை யாரும் பார்த்தது கிடையாது. எனக்கு ஒன்பது வயதோ பத்தோ இருக்கும்.

அதை வாங்கியவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷன் வீட்டிலிருந்து திரும்பிவிட்டவள். அதன்பிறகு சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஒயர் சொருகும் வேலை பார்த்துக்கொண்டு, ஹாஸ்டலிலேயே காலத்தை ஓட்டினாள். அந்தக் கம்பெனியை மூடியபோது கேன்டீன் சாமான்களை எல்லாம் சல்லிசாக விற்றார்களாம். கூட வேலை பார்த்தவர்கள் மிக்சி, மின்விசிறி என்று புத்தியாக எடுத்துப் போனார்கள். அத்தை மிஷினை எடுத்தாள். குட்டியானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டியில் அதை ஏற்றி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள்.

மிஷின் பீரோவைவிட அகலம். நிலையில் நுழையவில்லை. படுக்க வைத்தார்கள், திருப்பினார்கள், கதவைக் கழற்றிப் பார்த்தார்கள். அப்பாவின் கட்டை விரல் நசுங்கியதுதான் மிச்சம். கடைசியில் தார்ப்பாய் போட்டு மூடி வாசலிலேயே நிறுத்தினார்கள்.

“நான் இன்னா, மிஷின சுத்தியா கோலம் போடறது?” என்று அம்மா அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

“ஆளே வேணாம் அண்ணி இதுக்கு,” என்று அத்தைதான் பதில் சொன்னாள். “வாரத்துக்கு ஒருக்கா போயி பண்டத்த ரொப்பிட்டு வந்தா போதும். அது பாட்டுக்கு வித்துக்கினு இருக்கும்.”

மிஷின் வாசலில் நின்ற நாட்களில் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. வந்தவர்கள் தார்ப்பாயைத் தூக்கி மிஷினைப் பார்த்துவிட்டு, அடுத்ததாக அத்தையைப் பார்த்தார்கள். “எப்பம்மா வந்த? எப்ப கெளம்பற?” என்பார்கள். எல்லாரும் ஒரே மாதிரி கேட்டார்கள். அத்தை சிரித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பாள்.

மிஷினை வைக்க இடம் திண்டிவனத்தில்தான் கிடைத்தது. அத்தையோடு வேலை பார்த்த ஒருத்தியின் அண்ணன் அங்கே ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் மேனேஜர். மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். மறுபடி குட்டியானை, மறுபடி கயிறு, மறுபடி அப்பாவின் விரல்கள். மிஷின் போனதும் அம்மா வாசலைத் தண்ணீர் விட்டுக் கழுவி, தெருவில் பாதி வரைக்கும் கோலம் போட்டாள்.

தொல்லை அதோடு ஒழிந்தது என்று நினைத்தோம். உண்மையில் அதன்பிறகுதான் ஆரம்பித்தது.

அந்த மிஷின் பெரிய கம்பெனிகளின் புடைத்த பாக்கெட்டுகளுக்காகச் செய்தது. அத்தையோ ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் நம் ஊர்ப் பண்டத்தைத்தான் கேட்பார்கள் என்று முறுக்கும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை உருண்டையும் வாங்கி அடுக்கினாள். முறுக்குப் பாக்கெட் சுருள் கம்பிக்கு இடையிலேயே நழுவி விழுந்தது. பிஸ்கட்டுக்குக் காசு போட்டவருக்கு முறுக்கு கிடைத்தது. மல்லாட்டை உருண்டை உருண்டு போய்க் கண்ணாடிக்கும் தட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. உள்ளே இருப்பது தெரியும், எடுக்க முடியாது. கர்ப்பிணிப் பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்களாம்.

இதற்கு அத்தை ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகிலும் ஒரு அட்டையை ஒட்டிவிட்டால் அது கம்பிக்குள் நிமிர்ந்து நிற்கும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாலை வேளைகளில் டிவி ஓடவில்லை. பழைய புடவைப் பெட்டி, கல்யாணப் பத்திரிகை, என் நோட்டுகளின் அட்டை என்று எல்லாவற்றையும் வெட்டினோம். சாப்பிடும்போது கையில் பசை நாற்றம் அடித்தது. என் கணக்கு நோட்டின் அட்டை திண்டிவனத்தில் ஒரு முறுக்குக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. டீச்சரிடம் அதை எப்படிச் சொல்வது?

“கடைக்காரன் பாக்கெட்டு போட்டுக் குடுத்தத நாம இன்னொருக்கா பாக்கெட்டு போட்டுக்கினு கெடக்கறோம்,” என்றாள் அம்மா. “நல்லா வந்துச்சிய்யா ஒங்க தங்கச்சி மிஷினு. ஒரே பேஜாரு.” சொல்லிக்கொண்டே எங்கள் எல்லாரையும்விட வேகமாக வெட்டினாள்.

அட்டை ஒட்டியும் மிஷின் வழிக்கு வரவில்லை. கசங்கிய நோட்டைக் கொடுத்தால் திருப்பித் துப்பியது. நல்ல நோட்டைக் கொடுத்தால் விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது. ஜனங்கள் அதன் தலையில் தட்டினார்கள், வாட்ச்மேனைத் திட்டினார்கள். மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து மகளைச் சேர்க்க வந்திருந்த ஒருவர், “ஆளே இல்லாத கடயில நான் யாரப் போயி கேக்கறது?” என்று சத்தம் போட்டதாக மேனேஜர் போன் செய்தார். ஆகவே அத்தை தினமும் போக ஆரம்பித்தாள். காலை பஸ்ஸில் திண்டிவனம் போய், மிஷின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். நோட்டை அவளே நீவிச் செருகுவாள், அவளே பட்டனை அமுக்குவாள், மாட்டிக்கொண்டால் சாவி போட்டுத் திறந்து எடுத்துக் கொடுப்பாள்.

“ஆளு வேணாம்னுதான மிஷினு வாங்குன? இப்ப மிஷினுக்கு ஒரு ஆளு, அந்த ஆளுக்கு ஒரு சோத்து டப்பா,” என்றாள் அம்மா. அப்பாவுக்கும் பொறுக்கவில்லை. சென்னையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அந்தத் தம்பி ஒரு நாள் முழுக்க மிஷினைக் குடைந்து, கம்பியின் இடைவெளியைச் சரிசெய்து, நோட்டு வாங்கும் பெட்டியையே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

“இனிமே ஜம்முனு ஓடும். வாரத்துக்கு ஒருக்கா போனா போதும்,” என்றார் அப்பா.

“பாக்கலாம் அண்ணா,” என்றாள் அத்தை.

மறுநாள் காலையிலும் கிளம்பினாள். அதற்கு மறுநாளும் கிளம்பினாள். கேட்டால் கண்ணாடியில் தூசி படிகிறது, எறும்பு வருகிறது, இன்னும் மாட்டிக்கொள்கிறது என்றாள். மெக்கானிக்குக் கொடுத்ததெல்லாம் தண்டம் என்று அப்பா அலுத்துக்கொண்டார்.

கோடை விடுமுறையில் ஒருநாள் என்னையும் அத்தையோடு அனுப்பினார்கள். அத்தை போனதுமே மிஷினைத் திறந்து பாக்கெட்டுகளை அடுக்கினாள். அவள் கை அவ்வளவு சுத்தமாக அடுக்கும். ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் நடுவில் ஒரு பாக்கெட்டை மட்டும் கொஞ்சம் சாய்த்து, அட்டையின் ஓரத்தைக் கம்பியில் கொக்கி மாதிரி மாட்டிவிட்டாள்.

“அத்த, இது கோணலா கீது.”

“இருக்கட்டும் பாப்பா.”

கொஞ்ச நேரத்திலேயே ஒரு பாக்கெட் மாட்டிக்கொண்டது. “மிஷினு அக்கா, இங்க கொஞ்சம் வாங்க,” என்று ஒரு பெண் கூப்பிட்டாள். அத்தை எழுந்து போய்த் திறந்து எடுத்துக் கொடுத்தாள். உங்கள் தங்கைக்கு எந்த ரூம், ராத்திரி வலி குறைந்ததா என்று விசாரித்தாள். அந்தப் பெண் தங்கையின் கைக்குழந்தையை அத்தை மடியில் கொடுத்துவிட்டு மாத்திரை வாங்கப் போனாள். அதன்பின் ஒரு பெரியவர் வந்து செஞ்சி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு, பஸ்ஸை விட்டுவிட்டு, தன் மருமகனைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார். நர்ஸ் ஒருத்தி போகிற போக்கில் அத்தையின் டப்பாவைத் திறந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு போனாள். வீட்டில் அத்தை இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அது கவனத்தில் நிற்கவில்லை. மாட்டிக்கொண்ட பாக்கெட்தான் என் கண்ணை உறுத்தியது. இதற்காகவா என் நோட்டு அட்டை போனது?

அத்தை குழந்தையைத் தாயிடம் விட மாடிக்குப் போயிருந்தபோது, நாற்காலியில் இருந்த சாவியை எடுத்து மிஷினைத் திறந்தேன். கோணலாக இருந்ததை எல்லாம் ஒன்று விடாமல் நிமிர்த்தினேன். மூடிப் பூட்டிவிட்டுச் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு மிஷின் ஒரு தடவைகூட அடம்பிடிக்கவில்லை. ஜனங்கள் வந்தார்கள், அமுக்கினார்கள், பாக்கெட் விழுந்தது, எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவை கம்பி சுற்றும்போதும் அத்தை பாதி எழுந்திருந்து மறுபடி உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தாள். சாயங்காலம் வரைக்கும் இருப்பவள், அன்று வெயில் தாழ்வதற்கு முன்பே, “போலாமா பாப்பா?” என்றாள். பஸ்ஸில் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். மிஷின் நன்றாக ஓடுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும், அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து அம்மாவிடம் ஓடினேன். அம்மா அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, மிஷினு ரிப்பேரே இல்ல. அத்தைக்கித்தான் ஒழுங்கா வெக்கத் தெரில. கோணலா மாட்டி வெக்கறாங்க. நான் எல்லாத்தையும் நேரா வெச்சிட்டேன். இன்னிக்கி ஒண்ணுகூட மாட்டல.”

அம்மாவின் கையில் கத்தரி நின்றது. “எல்லா வரிசயிலயுமா கோணலா வெக்கறா?” என்று கேட்டாள்.

“ஆமா. ஒவ்வொண்ணுலயும்.”

அம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, அத்தை குளிக்கிற பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு என் மேல் பாய்ந்தாள். “உன்ன யாருடி அதத் தொறக்கச் சொன்னது? அவ மிஷினு, அவ எப்பிடியோ வெக்கறா. ஒனுக்கின்னா? நாளயிலேர்ந்து நீ போவ வேணாம், வூட்ல கெட. இத அப்பாகிட்ட போயி சொன்ன, தோல உரிச்சிடுவேன்.”

“கோணலா வெச்சா மாட்டிக்கும்மா.”

“மாட்டிக்கட்டும்.”

மறுநாள் காலையில் அத்தை பஸ்ஸுக்குக் கிளம்பினாள். “தெனம் இதே ரோதன,” என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா டப்பாவில் சோற்றை அழுத்தி அழுத்தி வைத்தாள். நான் உம்மென்ற முகத்தோடு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அந்த மிஷினைத் திட்டாமல் அம்மா ஒரு நாளும் இருந்ததில்லை. அதை ஒருவழியாகச் சரிசெய்த என்னை ஏன் திட்டினாள் என்று அன்று பகல் முழுக்க யோசித்தேன். எப்படி யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.