நான் திருத்திய விலாசம்

எண்பதுகளில் பட்டாபிராமில் பூகோள வாத்தியாராக இருந்தேன். பக்கத்து வீட்டு மல்லிகாவின் கணவன் வளைகுடா நாடொன்றில் வெல்டர். குழந்தை பிறந்த சேதியை அவளே தமிழில் எழுதிவிட்டாள். உறையில் ஆங்கில விலாசம் மட்டும் என் வேலை.

விலாசத்தை அவன் ஒரு சீட்டில் எழுதி அனுப்பியிருந்தான். கடைசி வரி 'அரேபியன் கல்ஃப்'. எனக்குச் சிரிப்பு வந்தது. வரைபடத்தில் அந்தக் கடல் 'பெர்ஷியன் கல்ஃப்' அல்லவா? பரீட்சைத் தாளைப் போலச் சீட்டிலேயே சிவப்பு மையால் அடித்துத் திருத்தி, உறையிலும் அப்படியே எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தது. நான் எழுதிய பெயரின்மேல் தடிமனாக ஒரு கோடு. ஈரானைக் குறிக்கும் அந்தப் பெயர் அந்த அரபு நாட்டில் ஆகாதாம், தபால்காரர் சொன்னார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"உலகமே சொல்ற பேரு! இதுக்காக ஒருத்தன் கடுதாசியைத் திருப்புவானா?" என்று தெருவில் நின்று கத்தினேன்.

மல்லிகா குழந்தையைத் தோளில் சாய்த்தபடி வெளியே வந்தாள்.

"அங்க கீறது அவரு சார். அவரு எழுதினத உங்கள யாரு திருத்தச் சொன்னது? புள்ள பொறந்துச்சா, நான் உசுரோட கீறேனான்னு கேட்டு அவரு போட்ட கடுதாசி நேத்து வந்துகீது!"

அந்தக் கோட்டைப் போட்டவன்மேல் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் முதல் கோட்டைப் போட்டது என் பேனா.