கணினிக்குள் ஒரு கடகம்

எங்கள் வீட்டுக் கணினியில் சுளகு இருந்தது, கடகம் இருந்தது, பெட்டகமும் இருந்தது. சொன்னால் இப்போது என்னோடு வேலை செய்கிறவர்கள் நம்புவதில்லை. விரிதாள் மென்பொருளில் மேலே வரிசையாக இருக்கும் குட்டிப் பொத்தான்களின் படங்களை நாங்கள் விரும்பியபடி மாற்றலாம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. எனக்கு அது மூன்றாம் வகுப்பிலேயே தெரியும்.

அப்பா இறந்ததற்கு அடுத்த வருடம் அது. தெல்லிப்பழையில் பனைப்பொருட்கள் விற்கும் ஒரு சங்கத்தில் அம்மாவுக்கு வேலை கிடைக்கும் போலிருந்தது. விரிதாளில் சரக்குக் கணக்கைச் செய்து காட்டவேண்டும் என்பதுதான் நிபந்தனை. கிடைக்காவிட்டால் கொழும்பில் பெரியப்பா வீட்டோடு போய்விடுவது என்று பெரியவர்கள் கதைத்து முடித்திருந்தார்கள். பின்னறை ஒன்று சும்மா கிடக்கிறது என்று பெரியப்பாவே தொலைபேசியில் சொல்லியிருந்தார். அம்மா வேலை கிடைக்கவேண்டும் என்று நேர்த்தி வைத்தார். நான் கொழும்புக்கு நேர்த்தி வைத்தேன். அங்கே ஜன்னலால் கடல் தெரியும், மாடிக்கு லிஃப்டில் போகலாம். இரண்டு பேரும் போனது ஒரே பிள்ளையாரிடம். அவர் பாடு திண்டாட்டம்தான்.

அம்மாவுக்குப் பழக்க வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. தன்னுடைய பழைய கணினியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அம்மாவுக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. பொத்தான்களில் இருந்த படங்கள்தான் பிடிபடவில்லை. சேமிக்கிற பொத்தானைக் காட்டி, "உதென்ன தம்பி, ரேடியோவோ?" என்று கேட்டார். முன்பு அப்படி ஒரு தகட்டில் சேமித்தார்கள், இப்போது அது பாவனையில் இல்லை என்று மாமா விளக்கினார். இல்லாத சாமானை ஏன் படம் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அம்மா திருப்பிக் கேட்டார்.

அடுத்த நாள் மாமா பொத்தான்களைத் திறந்து, சின்னச் சின்னக் கட்டங்களில் நிறம் நிரப்பிப் புதுப் படங்கள் கீறினார். சேமிக்கப் பெட்டகம். வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்க, அரிசி புடைக்கிற சுளகு. கூட்டுத்தொகைக்குப் பனையோலைக் கடகம், எல்லாவற்றையும் அதில்தானே அள்ளிப் போடுவது. மஞ்சளும் மண்ணிறமுமாய் நகத்தளவில் இருந்த அந்தச் சுளகைப்போல் அழகான ஒன்றை நான் பிறகு எந்தக் கணினியிலும் காணவில்லை. நினைத்தால் இன்றைக்கும் ஆசையாக இருக்கிறது.

பிழையான வரியை நீக்க விளக்குமாறு கீறியதில்தான் சிக்கல் வந்தது. பொழுதுபட்டபின் அம்மா அந்தப் பொத்தானைத் தொடமாட்டேன் என்றுவிட்டார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வைச்ச பிறகு ஆரும் கூட்டுவினமோ?"

"அக்கா, இது கொம்பியூட்டர்."

"எங்கடை வீட்டுக்குள்ளைதானே இருக்கு."

பிழை வரிகளெல்லாம் விடியும்வரை கிடந்தன. மாமா தலையில் அடித்துக்கொண்டு விளக்குமாற்றை எடுத்துவிட்டு ஓர் அழிறப்பரைக் கீறினார். அதற்குப் பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை.

சோதனை நாளில் என்னை வீட்டில் விட ஆளில்லாததால் அம்மா சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். முகாமையாளர் தன் கணினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார். அம்மா திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே சுளகும் இல்லை, பெட்டகமும் இல்லை. கீறியதெல்லாம் வீட்டுக் கணினியோடு நின்றுவிடும் என்பது அக்காவுக்கும் தோன்றவில்லை, தம்பிக்கும் தோன்றவில்லை.

"தொடங்குங்கோவன் தங்கச்சி," என்றார் முகாமையாளர்.

"ஐயா, கடகத்தைக் காணேல்லை."

"கடகம் ஸ்ரோரிலை கிடக்கு. இப்ப அது என்னத்துக்கு?"

அம்மாவின் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. எனக்குக் கொழும்புக் கடல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அம்மா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார். பிறகு, கரண்ட் போன நேரம் அடுப்படியில் சீரகப் போத்தலுக்குக் கை நீட்டுவதைப்போல மவுஸை நகர்த்தி அழுத்தினார். கூட்டுத்தொகை வந்தது. மாமா மாற்றியிருந்தது படங்களை மட்டும்தான், பொத்தான்களெல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. அம்மா படங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு இடத்தை வைத்தே முழுக்கணக்கையும் முடித்தார். முகாமையாளர் இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

பஸ்ஸில் ஏறியதும் நான் அழத் தொடங்கினேன்.

"அப்ப கொழும்புக்குப் போறேல்லையோ?"

"போவம் பிள்ளை. லீவுக்குப் போவம்," என்றார் அம்மா. "ஒரு கிழமை நிண்டிட்டுத் திரும்பி வந்திடுவம்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, "ஓம், திரும்பி வந்திடுவம்," என்று தனக்குள் இன்னொரு முறை சொல்லிச் சிரித்துக்கொண்டார். இன்னும் போகாத ஊரிலிருந்து திரும்பி வருவதில் அவருக்கு அப்படி என்ன சந்தோசம் என்று எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் எல்லோரும் பார்க்க இன்னும் உரத்து அழுதேன்.