மழையைத் தாண்டிக் கிள்ளானுக்கு: ஹார்வியின் கடைசி ஆட்டம்

1999 செப்டம்பர் கடைசி வாரத்தில், ஒரு பேஸ்பால் ஆட்டத்தை டிவியில் பார்ப்பதற்காக மலேசியாவின் ரவாங்கிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போய், அங்கிருந்து அடித்துப் பிடித்துக் கிள்ளான் வரைக்கும் போனேன். அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஆட்டம் நடந்ததோ அமெரிக்காவில். அதிலும் நான் பார்க்க நினைத்தது ஒரே ஒரு ஆளை. இவனுக்கு வேறு வேலை இல்லையா என்று உங்களுக்குத் தோன்றினால் தப்பில்லை. என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

அந்த ஆளை இங்கே ஹார்வி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைப் போட்டால் கமென்ட் பகுதியில் சண்டைக்கு வர நாலு பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அப்போது நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். காலையில் வேலை முடிந்து கேன்டீனில் ரொட்டி சானாய் சாப்பிடும் நேரத்தில் டிவியில் நேரடியாக ஓடும் ஒரே விளையாட்டு பேஸ்பால்தான். அங்கே இரவு ஏழு மணி என்றால் நமக்குக் காலை ஏழு. பள்ளிக்கூடத்தில் ஆடிய ரவுண்டர்ஸ் மாதிரி இருக்கிறதே என்று பார்க்க ஆரம்பித்தேன். பிறகு விட முடியவில்லை.

அது பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்து ஹோம் ரன் எடுக்கும் ராட்சதர்களின் காலம். ஒவ்வொரு வருடமும் ஒவ்வொருவருக்கும் கை பருத்துக்கொண்டே போகும். ஊசி போடுகிறார்கள் என்று அப்போதே ஒரு முணுமுணுப்பு இருந்தது. அந்தக் கூட்டத்தின் நடுவே ஹார்வி ஒரு கொத்தவரங்காய். சட்டை தொளதொளவென்று தொங்கும். ஆனால் பந்து எங்கே விழப்போகிறது என்பது அடிக்கிறவனுக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை சுவரை நோக்கி முதுகைக் காட்டி ஓடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்கு மேலாகப் பந்தைப் பிடித்தார். கேன்டீனில் நான் மட்டும் எழுந்து நின்றேன். கையில் இருந்த ரொட்டி குழம்போடு கீழே விழுந்தது.

அந்த ஹார்வி ஓய்வு பெறப்போகிறார், இதுதான் கடைசி ஆட்டம் என்று அறிவித்தார்கள். போதாக்குறைக்கு, கேன்டீனைப் பழுதுபார்க்க மூடிய வாரமும் அதுதான். என் வீட்டில் டிஷ் ஆன்டெனா கிடையாது. பள்ளித் தோழன் சிவா பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தான், அங்கே பெரிய டிவி உண்டு. போன் போட்டேன். "வாடா மச்சான், காலையில பாட்டு சேனல நிப்பாட்டி வைக்கிறேன்" என்றான்.

லீவு போட்டுவிட்டு ரவாங்கிலிருந்து முதல் கம்யூட்டர் ரயிலைப் பிடித்தேன். டிக்கெட் மூன்று ரிங்கிட் சொச்சம். பழைய கோலாலம்பூர் ஸ்டேஷனில் இறங்கும்போது மணி ஆறு இருபது. அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் இருபது நிமிட நடை. வழியில் ஒரு பிள்ளையார் கோயிலில் ஹார்விக்கு அர்ச்சனை செய்யலாம் என்று தோன்றியது. சீட்டு வாங்கிக்கொண்டு நின்றேன்.

"பேரு?" என்றார் குருக்கள்.

"ஹார்வி, சாமி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியாது சாமி. அமெரிக்காவுல பொறந்தவரு. அவருக்கு இன்னிக்குக் கடைசி வேலை நாள்."

"ஓ, ரிட்டயர்மென்ட்டா? சரி, சாமி பேருக்கே பண்ணிடுறேன்."

கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரிடம் பேரம் பேசினேன். கடைசி ஆட்டத்தில் ஹார்வி ஒரே ஒரு ஹோம் ரன் அடித்தால் சிதறுகாய் உடைக்கிறேன் என்று. வருடம் முழுக்க ஊசிக் கைகள் அடித்துத் தள்ளுகின்றன, இந்த மனிதருக்கு ஒன்றே ஒன்று கிடைக்கக்கூடாதா? அது நியாயமான கோரிக்கை என்றுதான் நினைத்தேன்.

சிவா சொன்னபடி சேனலை மாற்றி வைத்திருந்தான். ஹார்வி முதல் முறை வந்து அவுட், இரண்டாவது முறையும் அவுட். ஐந்தாவது சுற்றில் மூன்றாவது முறையாக மட்டையோடு வந்தார். அதுவரை கருக்கட்டி நின்ற வானம் அப்போதுதான் கொட்டித் தீர்த்தது. நம் ஊரில் டிஷ் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹார்வி ஒரு காலைத் தூக்கிய நிலையில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பிறகு நீலத் திரை, சிக்னல் இல்லை என்று ஒரு வரி.

"இது இப்ப விடாது மச்சான்" என்றான் சிவா. "அவனும் ஊசி போட்ட ஆளாத்தான் இருப்பான். விடு லா, தோசை சாப்பிடு."

எனக்கு அழுகை வராத குறை. கடை வாசலில் மழைக்கு ஒதுங்கித் தேநீர் குடித்துக்கொண்டிருந்த டாக்ஸிக்காரர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் மணியம், ஐம்பது வயது இருக்கும். "தம்பி, நான் கிள்ளான்ல இருந்துதான் வரேன். இந்த மழை அங்க விடிகாலையிலேயே ஊத்தித் தள்ளிடுச்சு. கடல் பக்கமிருந்துதானே வருது. இப்ப அங்க வெயில் அடிக்கும்" என்றார்.

டோலோடு சேர்த்து நாற்பது ரிங்கிட் என்று பேசிக்கொண்டு ஏறினேன். எட்டேகால் மணி. பெடரல் ஹைவேயில் வைப்பர் போட்டும் முன்னால் போகும் லோரி தெரியவில்லை. ஹார்வி இன்னொரு முறை மட்டை பிடிக்க வருவார், அதற்குமேல் கிடையாது. அதற்குள் போய்ச் சேர வேண்டும். தேங்காய் வேண்டுதல் உட்பட விஷயத்தைச் சொன்னதும் மணியம் அண்ணே கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அவருக்கு உன்னத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"தெரிஞ்சா பாவம், ரொம்ப சங்கடப்படுவாரு" என்று சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

ஷா ஆலாம் தாண்டியதும் மழை சட்டென்று நின்றது. கிள்ளானில் சாலை ஈரமாக இருந்தது, வானம் கழுவி விட்ட மாதிரி நீலம். ஒன்பது மணிக்கு, பூக்கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், அண்ணே தனக்குத் தெரிந்த ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கல்லாவில் இருந்த அக்காவிடம் அவரே பேசினார்.

"அக்கா, ஸ்போர்ட்ஸ் சேனல் போடுங்க. தம்பி மேட்ச் பாக்க கேஎல்ல இருந்து டாக்ஸி புடிச்சு வந்திருக்காரு."

"யாருக்கு மேட்ச், மலேசியாவுக்கா?"

"இல்லக்கா, அமெரிக்காவும் அமெரிக்காவும்" என்றேன்.

"ரெண்டு பக்கமும் அவங்களேவா? அப்புறம் யாரு ஜெயிச்சா என்ன?" என்று சொன்னாலும் சேனலை மாற்றினார்.

எட்டாவது சுற்று. இரண்டு அணிக்கும் மூன்று மூன்று ஓட்டம். ஹார்வியின் அணிக்காரர் ஒருவர் இரண்டாவது தளத்தில் நிற்கிறார், இன்னும் யாரும் அவுட் இல்லை. ஹார்வி மட்டையோடு நடந்து வந்தார். மைதானம் முழுக்க எழுந்து நின்று ஹோம் ரன் ஹோம் ரன் என்று கத்தியது. நானும் மனசுக்குள் பிள்ளையாரை நச்சரித்தேன்.

பந்து வந்தது. ஹார்வி மட்டையை வீசவில்லை. கடைசி நொடியில் மட்டையைக் குறுக்கே பிடித்து, தூங்கும் குழந்தையைக் கீழே கிடத்துவது போலப் பந்தைப் புல்லில் இறக்கினார். இதற்கு பன்ட் என்று பெயர். அடிக்கிறவர் அநேகமாக அவுட்தான், ஆனால் அந்த நேரத்தில் முன்னால் நிற்பவர் ஒரு தளம் முன்னேறிவிடலாம். ஹார்வி தலைதெறிக்க ஓடினார், அவுட். மற்றவர் மூன்றாவது தளத்துக்குப் போய்விட்டார். பயிற்சியாளர் அப்படி ஆடச் சொல்லவே இல்லை, இவராகத்தான் ஆடினார் என்று வர்ணனையாளர்கள் சொன்னார்கள். அடுத்து வந்தவர் உயரமாக அடித்த பந்தில் மூன்றாவது தளத்தில் நின்றவர் ஓடி வர, அந்த ஓட்டம் வந்தது. அணி அதிலேயே ஜெயித்தது.

 உலகமே ஹோம் ரன் கேட்கிறது, இனி ஒரு பந்துகூட வாழ்நாளில் கிடையாது, அந்த ஒரு பந்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். திரையில் அவர் தொப்பியைக் கழற்றி, தலை குனிந்தபடி உள்ளே நடந்துகொண்டிருந்தார். கூட்டம் உட்காரவே இல்லை.

"அவுட்டா தம்பி?" என்றார் மணியம் அண்ணே.

"அவுட்டுதாண்ணே."

"அவுட்டான ஆளுக்கா எல்லாரும் நிக்கிறாங்க?"

என்ன நடந்தது என்று விளக்கினேன்.  தே தாரே தேநீர் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு அண்ணேயும் எழுந்து நின்றார். ஹார்வி திரையிலிருந்து மறையும் வரை உட்காரவில்லை.

அப்புறம் நேராகப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கினேன். "ஹோம் ரன் அடிச்சாத்தானே தேங்காய்னு சொன்ன?" என்று அண்ணே கேட்டார். நான் ஓங்கி உடைத்தேன். சில்லுகள் சாக்கடை வரைக்கும் தெறித்தன.

பின்னாளில் அந்தக் காலத்து ராட்சதர்கள் பலரின் ஊசி விவகாரம் வெளியே வந்தது. ஹார்வியும் போட்டாரா என்று சிவா இன்றைக்கும் என்னைச் சீண்டுவான். எனக்குத் தெரியாது. ஆனால் தன்னைத் தானே அவுட்டாக்கிக்கொள்ள எந்த ஊசியும் தேவைப்படாது. நான் பிரமித்துப் பார்த்தது அவருடைய கைகளை அல்ல என்பது எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

இனி, இதே மாதிரி கிறுக்கு உள்ளவர்களுக்குச் சில யோசனைகள். கோலாலம்பூரில் காலையில் பெரிய மழை பிடித்தால் முதலில் கிள்ளானில் யாருக்காவது போன் போட்டுப் பாருங்கள், பாதி நாள் அங்கே விட்டிருக்கும். அவசரம் இல்லையென்றால் ரயிலே போதும், டாக்ஸியைவிடப் பல மடங்கு மலிவு. கல்லாவில் இருக்கும் அக்காவிடம் முதலில் ஏதாவது சாப்பிட ஆர்டர் கொடுங்கள், பிறகு சேனலை மாற்றக் கேளுங்கள். கையில் ஒரு தேங்காய்க்குக் காசு இருக்கட்டும். ஆனால் எதற்கு உடைப்பேன் என்று மட்டும் பிள்ளையாரிடம் முன்கூட்டியே பேசி வைக்காதீர்கள்.