தெற்கு அறைக்குச் சூடு கொண்டுபோனவன்

யாழ்ப்பாணத்தில் கிணறுகள் கட்டினேன். மதில்கள் கட்டினேன். ஒரு கோயிலுக்கு மடைப்பள்ளி கட்டினேன். எனக்கென்று ஒரு வீடு கட்டினேன், அதை ஷெல் கொண்டுபோனது, அதே அத்திவாரத்தில் இன்னொரு தரம் கட்டினேன். ஒக்லாந்துக்கு வந்தபோது கையில் மேசன் கரண்டி இல்லை, வாயில் இங்கிலிஷ் இல்லை. இங்கே எனக்குக் கிடைத்த வேலை கட்டுவது அல்ல, இடிப்பது. மவுண்ட் வெல்லிங்டனில் பழைய கட்டடங்களை உடைக்கிற கொம்பனியில் தொண்ணூறுகள் முழுக்க உழைத்தேன். அங்கே அடுத்தவன் எறிந்த சாமானைக் கொண்டுவந்து, ரானுயியில் ஈரத்தில் ஊறிக் கிடந்த ஒரு பலகை வீட்டை மனிசர் மூச்சு விடக்கூடிய வீடாக மாற்றினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இதில் ஒன்றைக்கூட ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அந்த வீட்டை வாங்கிய கதையை முதலில் சொல்ல வேண்டும். என் மனைவிக்குத் தொய்வு, ஆஸ்துமா. சின்ன வயதிலிருந்தே குளிர் காற்றுப் பட்டால் நெஞ்சு இழுக்கும். ஊரில் குளிர் காற்று என்றால் வாடை, வடக்கிலிருந்து வருவது. தெற்குப் பக்கம் நல்ல பக்கம், காற்றோட்டமான பக்கம். அதனால் வீடு பார்க்கப் போனபோது அவளுடைய தமையன், என் மச்சான், உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சந்தோசமாக வந்தார்.

"மச்சான், படுக்கிற அறை மூண்டும் தெற்குப் பக்கம். வாடை அடிச்சாலும் ஹோலோடையும் குசினியோடையும் நிண்டிடும். தங்கச்சியின்ரை நெஞ்சுக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது, அவளுக்கும் பட்டது. வீடு காட்டிய வெள்ளைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கு விற்றால் போதும். இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது என்பதும், தெற்குக் காற்று பனிக்கட்டிக் கடலைத் தடவிக்கொண்டு வருகிறது என்பதும் முதல் விண்டரில்தான் விளங்கியது. எங்கள் அறைக்குள் வெயில் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. காலையில் யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடியும். திரைச்சீலையின் அடி கறுத்துப் போகும். அலுமாரியில் இருந்த அவளுடைய கூறைச் சேலையை ஒரு நாள் விரித்தால், சரிகை முழுக்கக் கறுப்புப் புள்ளி. அவள் அழவில்லை. மடித்துத் திரும்ப வைத்துவிட்டு, "சேலைக்கே இப்பிடியெண்டா என்ரை நெஞ்சுக்குள்ளை என்ன கிடக்கோ" என்றாள்.

காஸ் ஹீட்டர் ஒன்று வாங்கி எரித்தோம். எரிய எரியச் சுவர் வியர்த்தது. அந்த விண்டர் முடிவதற்குள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது சந்தைக்குப் போய் வருகிற மாதிரி ஆகிவிட்டது. வீடு இப்படியே இருந்தால் இவள் இன்னும் அதிக விண்டர் காணமாட்டாள் என்று அங்கே ஒரு டொக்டர் மகளிடம் சொல்ல, மகள் காரில் வைத்து எனக்குத் தமிழில் சொன்னாள். பள்ளிக்கூடப் பிள்ளை. தமிழ் வராமல் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள்.

அன்றைக்கே நான் திட்டம் போட்டேன். ஒரு விண்டருக்கு ஒரு வேலை. முதலில், சூடு மேலால் போகாமல் சீலிங்குக்கு மேலே பஞ்சு. அடுத்தது, குளிர் கீழால் ஏறாமல் நிலப் பலகைக்குக் கீழே வெள்ளித்தாள். அதற்கடுத்தது கூரையில் சோலர், தண்ணீரை வெயில் சுடவைத்தால் கரண்ட் மிஞ்சும். கடைசியாக ஹீட் பம்ப், அந்த மிஞ்சின கரண்டில் இரவு முழுக்க ஓட. அந்த நாளில் ஹீட் பம்பைக் கடைகளிலும் ஒஃபிசுகளிலும்தான் காணலாம். நான் இடித்த ஒஃபிஸ் ஒன்றில் முதன்முதலாகக் கண்டேன். வெளியே உள்ள குளிர் காற்றிலிருந்தே சூட்டைப் பிழிந்து உள்ளே தருகிற பெட்டி என்று போர்மன் சொன்னான். அன்றைக்கே மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

மனைவிக்கு என் வரிசை பிடிக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, முதல் இந்த அறையைச் சூடாக்கித் தாங்கோவன். மற்றதுகளைப் பிறகு பாப்பம்."

"மேலாலையும் கீழாலையும் திறந்து கிடக்கிற வீட்டைச் சூடாக்கிறது ஓட்டைப் பானைக்குத் தண்ணி வாக்கிற மாதிரியப்பா."

"பானை நிரம்பும் வரைக்கும் நான் இருக்க வேணுமே."

மச்சான் அதைவிடக் கூர்மையாகச் சொன்னார். "உம்மடை பிளான் முடிய முதல் அவள் முடிஞ்சிடுவாள் காணும்."

நான் வரிசையை மாற்றவில்லை. அத்திவாரம் போடாமல் கூரை போடச் சொன்னால் எந்த மேசன் கேட்பான்? இடித்த வீடுகளில் நனையாத பஞ்சாகப் பொறுக்கிச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தேன். சனி ஞாயிறுகளில் சீலிங்குக்குள் தவழ்ந்து தவழ்ந்து விரித்தேன். கண்ணாடிப் பஞ்சு, கழுத்தெல்லாம் தடித்துப் போகும். அடுத்த வருசம் வீட்டுக்குக் கீழே, சேற்றில் மல்லாக்கப் படுத்து, முகத்துக்கு ஒரு சாண் மேலே நிலப் பலகை, அதில் வெள்ளித்தாள் அடித்தேன். எலி செத்துக் கிடந்த இடத்திலும் படுத்தேன். மேலே அவள் இருமுகிற சத்தம் பலகைக்குள்ளால் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் எந்த இடத்தில் கேட்கிறதோ அந்த இடத்தில் இன்னும் இரண்டு ஆணி கூட அடிப்பேன்.

சோலர் தட்டு, இடிக்கப் போன ஒரு பழைய விடுதியின் கூரையிலிருந்து வந்தது. கிழக்கைப் பார்த்துப் பூட்டச் சொல்லி வந்த சனம் எல்லாம் புத்தி சொன்னது, சூரியன் உதிக்கிற பக்கமாம். வீடு வாங்கினபோது பட்டது போதாதா? வடக்கைப் பார்த்துப் பூட்டினேன். குழாய் பொருத்தத் தெரிந்த ஒரு மலேசியத் தமிழர் வந்து கை கொடுத்தார், மற்றதெல்லாம் நான். முதல் நாள் குசினியில் பைப்பைத் திறந்து அவளுடைய கையைப் பிடித்துத் தண்ணீருக்குக் கீழே வைத்தேன்.

"கரண்ட் போட்டனீங்களோ?"

"இல்லை. வெயில்."

கையை எடுக்காமல் கன நேரம் நின்றாள். பிறகு, "இதை ஒருக்கால் என்ரை அறைக்கும் வரச் சொல்லுங்கோ" என்றாள்.

அதற்கிடையில் ஆஸ்பத்திரிப் பயணம் குறைந்திருந்தது. குறைந்திருந்தது, நிற்கவில்லை. ஹீட் பம்புக்கு நான் ஆயத்தமாகிக்கொண்டிருக்கும்போது மச்சான் முந்திக்கொண்டார். நான் வேலையில் நின்ற ஒரு நாள் ஆட்களைக் கூட்டிவந்து, புதுப் பெட்டி ஒன்றைச் சுவரில் பூட்டிவிட்டுப் போய்விட்டார். நான் வந்து பார்த்தால் அது ஹோலில், வாசலுக்கு நேரே, வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் இருக்கிறது.

டெலிபோன் எடுத்துக் கேட்டேன். "நோய்க்காரி அறைக்குள்ளை கிடக்கிறாள், நீர் ஏன் ஹோலிலை பூட்டினனீர்?"

"ஹோலிலைதானே காணும் ஆக்கள் வந்து இருக்கிறது. அவளை ஹோலிலை படுக்கச் சொல்லும்."

அவள் மாட்டேன் என்றுவிட்டாள். எங்கள் சனத்தில் ஹோலுக்குள் படுக்கை விரிப்பது எதற்கென்று சொல்லத் தேவையில்லை. "வாறவை போறவைக்கு முன்னாலை பாய் போட்டுக் கிடக்க நான் என்ன பிரேதமோ?" என்று கேட்டாள். கெஞ்சிப் பார்த்தேன், பேசியும் பார்த்தேன். அசையவில்லை. கதவுகளைத் திறந்துவிட்டால் சூடு நடைபாதை வளைவோடு நின்றுவிடும். ஹோலில் பெனியனோடு இருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இரண்டு போர்வைக்குள் நடுங்குகிறாள். ஒரே ஒரு சுவர்தான் நடுவில்.

சுவர்தானே. ஒரு சனிக்கிழமை மரம் அறுக்கிற வாளை எடுத்தேன். சீலிங்குக்கு ஒரு முழம் கீழே, வயர் போகிற இடத்தைத் தட்டிப் பார்த்து விலத்தி, ஹோல் பக்கத்தையும் அறைப் பக்கத்தையும் சதுரமாக வெட்டி எடுத்தேன். மேலால் சூடு போனால் கீழால் குளிர் வெளியே வர வழி வேண்டும், அதனால் அறைக் கதவின் அடியை இரண்டு விரல் சீவினேன். ஓட்டையில் ஒரு காற்றாடி பூட்டினேன். அது இடிபட்ட மீன் சிப்ஸ் கடை ஒன்றின் புகை இழுக்கிற காற்றாடி. எவ்வளவு கழுவியும் எண்ணெய் மணம் போகவில்லை. சுவிச்சைப் போட்டுவிட்டுக் கட்டிலடியில் போய் நின்றேன்.

"வெக்கை வருகுதோ?"

"பொரியல் மணம் வருகுது," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வெக்கையும் வருகுது" என்று சொல்லிவிட்டு, மேல் போர்வையைக் காலால் தள்ளினாள்.

அந்த விண்டரும் அடுத்த விண்டரும் அவள் ஒரு தரமும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. யன்னல் காய்ந்தது. ஓட்டையால் வெக்கை மட்டும் போகவில்லை, கதையும் போனது. ஹோலில் யாராவது இருந்து அவளைப் பற்றிக் குசுகுசுத்தால் உள்ளிருந்து பதில் வரும். ஒரு நாள் ஊர்ப் பெண் ஒருத்தி, "பாவம், இன்னும் எவ்வளவு காலமோ" என்று பெருமூச்சு விட்டாள். ஓட்டைக்குள்ளால் குரல் வந்தது: "நீங்கள் தேத்தண்ணி குடிச்சு முடிக்கும் வரைக்கும் இருப்பன் அக்கா, அவசரப்படாதேங்கோ." அந்தப் பெண்ணுக்குப் புரைக்கேறிவிட்டது.

சிரிக்கக்கூடிய கதை இவ்வளவுதான்.

மூன்றாவது விண்டரில் மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். மச்சான் கொண்டுவந்த இடம், படித்த குடும்பம். தாய்க்குத் தொய்வென்று தெரிந்தால் பெண்ணுக்கும் இருக்கும் என்று பின்வாங்குவார்கள். எங்கள் ஆட்கள் சாதகத்துக்கு அடுத்ததாகப் பார்க்கிறது நெஞ்சு வருத்தத்தைத்தான். அவர்கள் வருகிற நாள் எனக்கு வேலை. மச்சான் வந்து, காற்றாடியை நிறுத்தி, ஓட்டைக்குள் போர்வையை அடைத்து, மேலே ஒரு கலண்டரையும் தொங்கவிட்டிருக்கிறார். மகள் மறித்திருக்கிறாள். "மாமா, ஷி நீட்ஸ் தட் எயர்!" என்று கத்தியிருக்கிறாள். ஆனால் என் மனைவியே, "அடையுங்கோ அண்ணை. அவைக்கு இருமல் சத்தம் கேக்கக்கூடாது" என்று சொல்லியிருக்கிறாள்.

வந்தவர்கள் சாப்பிட்டு, கதைத்து, பின்னேரம் வரைக்கும் இருந்தார்கள். நான் வந்தபோது ஹோல் கதகதவென்று இருந்தது, வட்டமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவரோடும் கதைக்காமல் அறைக்குப் போனேன். அவள் துவாயைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு கிடந்தாள். உதடு நீலம். அறை குளிர்ந்து கிடந்தது. நான் போய்க் கலண்டரைப் பிடுங்கிப் போர்வையை இழுத்தெடுத்தேன், சபைக்கு முன்னால். மச்சான் எழும்பி, "விசரோ உமக்கு?" என்றார். மாப்பிள்ளையின் தாய் எழும்பிச் செருப்பைத் தேடினார்.

அந்தக் கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. நான் டொக்டரிடம் நேரே கேட்டேன், மகள் மொழிபெயர்த்தாள். நுரையீரல் ஏற்கனவே முடிந்துவிட்டதாம், அந்த ஒரு பின்னேரம்தான் காரணம் என்று சொல்ல ஏலாதாம். ஆகையால் நான் மச்சானைக் கொலைகாரன் என்று எங்கேயும் எழுதவில்லை, இங்கேயும் எழுதவில்லை. தங்கச்சிக்காக அழுதவர்தான் அவரும். பிரேதத்தை ஒரு மணித்தியாலம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஹோலில் வைத்தார்கள். சூடு கூடாது என்று சவப்பெட்டி கொண்டுவந்தவர்கள் சொல்ல, ஹீட் பம்பை நானே போய் நிறுத்தினேன்.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடித்தார்கள். செத்தவர்களுக்குத் தேவாரமும் வாழ்க்கை வரலாறும் போட்டு அச்சடித்து, வந்தவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம். மச்சான்தான் எழுதுவித்தார். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கிறது. டொக்டர்மாருக்கு நன்றி. மலர்வளையம் தந்தவர்களுக்கு நன்றி. 'தங்கையின் நோய் தணிய நவீன வெப்பமூட்டும் இயந்திரம் அன்பளித்து அவர் ஆயுளை நீட்டிய பாசமிகு அண்ணன்' என்று தனக்குத் தானே ஒரு நன்றி. நான் எங்கே என்று தேடினேன். 'ஆறாத் துயரில் கணவர்' என்று ஒரு வரி. துயரில் இருப்பதற்கு ஒரு மனிசன் என்னத்தைக் கட்டவேண்டும்?

மச்சான் தந்த ஹீட் பம்ப் ஹோலைச் சூடாக்கியது. அவளுடைய அறையைச் சூடாக்கியது நான். பஞ்சை விரித்தது நான், சேற்றில் படுத்தது நான், வெயிலைக் கூரையால் இறக்கினது நான், சுவரை வெட்டினது நான். அவள் ஆஸ்பத்திரி காணாமல் மூச்சு விட்ட இரண்டு விண்டரும் என் கைவேலை. திறந்தவன் நான். அடைத்தவன் நான் இல்லை.

ஆண்டுத் திவசத்துக்கு இன்னொரு புத்தகம் அடிக்கப்போவதாகக் கேள்விப்படுகிறேன். அச்சடிக்கிறவருக்கும் மச்சானுக்கும் எல்லாச் சனத்துக்கும் தெரிய எழுதுகிறேன். அண்ணனின் வரியை எடுக்க வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும். அதற்கு மேலே, அதே அளவு எழுத்தில், 'அவருடைய அறைக்குச் சூடு கொண்டுவந்தவர் அவருடைய கணவர்' என்று போடவேண்டும். போடாத புத்தகம் ஒன்றும் என் வீட்டு வாசலுக்குள் வரக்கூடாது.